இன்றைக்கு நான் இருக்கலாமா?

“என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை அம்மா” என்றார் ஆளுநர் வீழிநாதன்.

அந்த மாநிலத்தில் ஆளுநரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். பிடிக்காவிட்டால் என்னைப் பாதியிலேயே பதவியிலிருந்து திரும்ப அழைத்துக்கொள்ளும் உரிமையையும் உங்களுக்கே தருவேன் என்று மேடைக்கு மேடை பேசி ஜெயித்தவர் அவர். சட்டம் தயாராகிவிட்டது. கோப்பு காரில் கிடந்தது.

மலையடிவார ஆசிரமத்தை நடத்திவந்த அமுதவல்லி அம்மையார் ஆளுநரைவிட வயதில் இளையவர். ஆனாலும் மனம் குழம்பினால் ஆளுநர் வந்து நிற்பது அவர் முன்னால்தான்.

“என்ன தடை?”

“அணை கட்டுகிறேன். மூன்று ஊர்கள் தண்ணீருக்குள் போகும். கட்டாவிட்டால் மாவட்டமே தவித்துப்போகும். இன்று கையெழுத்துப் போட்டால் நாளைக்கே என்னை இறக்கிவிடுவார்கள். கோபத்தில் இருக்கிறவர்களுக்கு நல்லது கெட்டது தெரியுமா?”

அம்மையார் அவருக்கு இலை போடச் சொன்னார்.

“சாப்பிட்டுப் படுங்கள். காலையில் பேசலாம்.”

விடிந்ததும் மணி அடித்தது. ஆசிரமத்தார் முற்றத்தில் கூடினார்கள். அம்மையார் வாசற்படியில் வந்து நின்று, தினமும் கேட்பதையே கேட்டார்.

“இன்றைக்கு நான் இருக்கலாமா?”

வழக்கமாக “இருங்கம்மா” என்று ஒரே குரலாக வரும். இன்று சத்தமே இல்லை.

“வேண்டாம்” என்றாள் சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ளும் கோதை. “கிணத்தை மூடிட்டீங்க. ஓடையிலேர்ந்து சுமந்து சுமந்து எங்க இடுப்பு விட்டுப்போச்சு. ஏன்னு கேட்டா, மூடுன்னா மூடுங்கிறீங்க.”

வேண்டாம் என்பதற்கு இன்னொருவரும் கை தூக்கினார். அப்புறம் வேறொருவர். பாதிப் பேருக்கு மேல் தூக்கிவிட்டார்கள்.

அம்மையார் அவர்களைப் பார்த்துக் கும்பிட்டார். மாற்றுப் புடவையை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு படியிறங்கி நடந்தார்.

ஆளுநர் பதறிப்போய்ப் பின்னால் ஓடினார்.

“கிணற்றை ஏன் மூடினீர்கள்?”

“தண்ணீரைச் சோதித்தேன். விஷம் இறங்கியிருக்கிறது.”

“அப்படியானால் நீங்கள் செய்தது சரிதானே! அது அவர்களுக்குத் தெரியாதா?”

அம்மையாரின் நடை நின்றது.

“எப்படித் தெரியும்? நான் சொன்னால் கேட்பார்கள் என்று இருந்துவிட்டேன். காரணத்தைச் சொல்லவே இல்லையே.”

அதற்குள் கோதை மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் சோற்றுப் பொட்டலம்.

“வெறும் வயித்தோட போகாதீங்கம்மா.”

அம்மையார் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். கிணற்றின் கதையைச் சொன்னார். கோதை அப்படியே சாலையோரம் உட்கார்ந்துவிட்டாள்.

“இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நானே மூடியிருப்பேனே அம்மா!”

“அப்படியானால் அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வீர்களா?” என்று ஆளுநர் கேட்டார்.

கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் ஒருத்தி எப்படிச் சொல்றது? நாளைக்குக் காலையில வந்து கேக்கட்டும். எல்லாருமாச் சொல்றோம்.”

அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். மரத்தடியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்.

ஆளுநர் காருக்குத் திரும்பினார். கோப்பை எடுத்து, மடியில் வைத்தே கையெழுத்துப் போட்டார்.

“தலைநகருக்குத்தானே ஐயா?” என்றார் டிரைவர்.

“இல்லை. தண்ணீருக்குள் போகப்போகிற அந்த மூன்று ஊர்களுக்கும்.”

“கல்லெறிவாங்க ஐயா.”

“எறியட்டும். நான் அங்கே ஒரு தடவைகூடப் போனதில்லையே.”