அருள் எத்தனை அங்குலம்?

கல்வராயன் மலையடிவாரத்தில் குயிலம்மை என்றொரு குரு இருந்தார். அவருக்கு நாற்பது வயதுதான். அவருடைய சீடர் ஏகாம்பரம் அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார். குரு சீடரை ‘நீங்க’ என்பார். சீடர் குருவை ‘அம்மா’ என்பார். இருவருக்கும் அது சரியாகவே இருந்தது.

ஏகாம்பரத்தின் மகள் பூங்கொடிக்கு மலைமேல் கல்யாணம் முடிவாயிற்று. மாப்பிள்ளை அங்கே பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணம் முடிந்த கையோடு இருவரும் ஊர் ஊராகச் சுற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அதற்காக ஒரு கேம்பர் டிரெய்லர் வந்து சேர்ந்தது. ஜீப்பின் பின்னால் பூட்டி இழுத்துப் போகிற சக்கர வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, ஜன்னலில் பூப்போட்ட திரை.

அதை ஜீப்பில் பூட்டி மலையேற்ற வேண்டிய பொறுப்பு ஏகாம்பரத்துடையது.

ஜீப்பின் பின்புறம் ஓர் இரும்புக் குமிழ் வேண்டும். டிரெய்லரின் மூக்கில் இருக்கிற கிண்ணம் அந்தக் குமிழின் மேல் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். அந்த ஓரிடத்தில்தான் மொத்த வீடும் தொங்கிக்கொண்டு வரும்.

ஏகாம்பரம் கள்ளக்குறிச்சிக்குப் போய் ஒரு குமிழ் வாங்கி வந்தார். கண்ணாடி மாதிரி பளபளத்தது. குருவின் காலடியில் வைத்தார்.

“நல்லாயிருக்கே! எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?”

“கடைக்காரர் வரிசையா எடுத்து வச்சார். கிண்ணம் என்ன அளவுன்னு கேட்டார். நான் கண்ணை மூடி, உங்களை நினைச்சுக்கிட்டு கையை வச்சேன். இது வந்துச்சு.”

“அளவு?”

“உங்க அருள் இருக்கறப்போ அளவு எதுக்கம்மா?”

குயிலம்மை சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“என் அருள் எத்தனை அங்குலம், ஏகாம்பரம்?”

சீடர் குமிழைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சரி, பூட்டுங்க. பார்த்துடுவோம்.”

ஏகாம்பரம் ஜீப்பைப் பின்னால் எடுத்தார். குமிழை மாட்டினார். கிண்ணத்தை அதன்மேல் இறக்கிக் கொண்டியை அழுத்தினார். ‘டக்’ என்று விழுந்தது.

“பார்த்தீங்களாம்மா! எப்படி உட்கார்ந்துக்கிச்சு!”

டிரெய்லரின் மூக்கருகே அதை நிமிர்த்தி நிறுத்த ஒரு சின்ன ஜாக்கி இருந்தது. குயிலம்மை புடவையைச் செருகிக்கொண்டு குனிந்து அதன் கைப்பிடியைச் சுற்றினார். மூக்கு மெல்ல எழுந்தது. ஜீப்பின் பின்பக்கமும் கூடவே எழும் என்று ஏகாம்பரம் காத்திருந்தார். ஜீப் அசையவில்லை. ‘ப்ளக்’ என்ற சத்தத்தோடு கிண்ணம் குமிழிலிருந்து கழன்றது. சக்கர வீடு வாத்து மாதிரி அண்ணாந்து நின்றது.

பக்கத்தில் நின்ற பூங்கொடி கையைத் தட்டிச் சிரித்தாள். ஏகாம்பரமும் வெட்கம் மறந்து சிரித்துவிட்டார்.

“உட்கார்ந்துதானே இருந்துச்சும்மா?”

“உட்கார்ந்திருந்துச்சு. பிடிச்சுக்கல.”

குயிலம்மை கிண்ணத்தின் மேல் படிந்திருந்த புழுதியை முந்தானையால் துடைத்தார். இரும்பிலேயே அளவு பொறித்திருந்தது. வாங்கி வந்த குமிழைவிடக் கொஞ்சம் பெரியது.

“இங்கேயே எழுதியிருக்கே!” என்றார் ஏகாம்பரம்.

“கண்ணை மூடினா எப்படித் தெரியும்?”

இருவரும் மறுபடி கடைக்குப் போனார்கள். கடைக்காரர் இம்முறை அளவைக் கேட்டுக்கொண்டு, “டிரெய்லர் எவ்வளவு வெயிட்?” என்றார்.

“கம்பெனிக்காரங்க சொன்னது எழுநூறு கிலோ” என்றார் ஏகாம்பரம்.

“காலியாவா, சாமான் ஏத்தியா?”

ஏகாம்பரம் குருவைப் பார்த்தார்.

“கல்யாண வீட்டு வண்டிங்க. அண்டா, கிரைண்டர், மெத்தை, அவங்க அத்தை கொடுத்த தையல் மெஷின் எல்லாம் ஏறும். அதுக்குத் தாங்கற மாதிரி கொடுங்க” என்றார் குயிலம்மை.

கடைக்காரர் மங்கலான, கனமான ஒரு குமிழை எடுத்து வைத்தார். பூட்டு விட்டுப்போனாலும் டிரெய்லரை ஜீப்போடு பிடித்து நிறுத்த, கூடவே இரண்டு சங்கிலிகளையும் வைத்தார்.

கல்யாணத்துக்கு மலையேறப் புறப்படுகிற காலை. டிரெய்லருக்கு மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். ஏகாம்பரம் கிண்ணத்தைப் பூட்டினார், பூட்டு திறந்துகொள்ளாதபடி இரும்பு ஊசியைச் செருகினார், தானே ஜாக்கியைச் சுற்றினார். இந்த முறை ஜீப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தது. அவர் சின்னப் பிள்ளைபோலக் குதித்தார். ஜாக்கியை இறக்கி மடித்துவிட்டார்.

சங்கிலிகள் மட்டும் ஜீப்பின் இருக்கையில் கிடந்தன. குயிலம்மை அவற்றைப் பார்த்தார்.

“இதைக் கட்டலையா?”

“எதுக்கம்மா? இப்போ சரியான அளவு. பூட்டியாச்சு, தூக்கியும் பார்த்தாச்சு. எனக்கு முழு நம்பிக்கை வந்துடுச்சு. இதுக்கு மேல சங்கிலியும் கட்டினா, நம்பிக்கைக்கு என்ன அர்த்தம்?”

குயிலம்மை சங்கிலிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஏகாம்பரத்தின் கையைப் பிடித்து டிரெய்லருக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

முதல் மேடு வரைக்கும் டிரெய்லரின் பின்னாலேயே நடந்து வந்து வழியனுப்ப ஊர் திரண்டிருந்தது. பம்பைக்காரர்கள் தோலைத் தட்டிச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் சீர்த்தட்டுகளோடு வரிசையில் நின்றார்கள். யார் முன்னால் நடப்பது என்று இரண்டு கிழவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜீப்பில் ஏறி உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்த பூங்கொடி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பம்பையில் அடி விழுமுன்பே ஆடத் தொடங்கியிருந்தாள்.

குயிலம்மை சங்கிலிகளை ஏகாம்பரத்தின் கையில் வைத்தார்.

“உங்க நம்பிக்கை உங்களோட ஜீப்புல வரட்டும். சங்கிலி இவங்களுக்கு.”