பல்லி விட்டுவிட்ட சொல்

பல்லிக்கு வாய் நிறையப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஆற்றங்கரை மரங்களுக்கெல்லாம் அதுதான் தூது. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் அப்படியே ஒப்பிக்கும். தன் பங்குக்கு ஒரு சொல்லைக்கூடச் சேர்க்காது. அதில் அதற்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஓர் ஐப்பசி மழையில் அணிலின் கூடு பிய்ந்துபோனது. கண் திறக்காத இரண்டு குட்டிகளும் நனைந்து நடுங்கின. பக்கத்து மருத மரத்தில் மரங்கொத்தியின் பழைய பொந்து சும்மாதான் கிடந்தது. அதைக் கேட்டு வரச்சொல்லி அணில் பல்லியை அனுப்பியது.

மரங்கொத்தி நல்ல மனசுக்காரி. "பொந்தைத் தாராளமா எடுத்துக்கச் சொல்லு. இப்போ உள்ளே கொம்பேறி மூக்கன் சுருண்டு கிடக்கு. அது போன பிறகு பிள்ளைகளைத் தூக்கிட்டு வரட்டும்" என்றது.

பல்லி திரும்பும் வழியில் மழை விட்டது. புற்றிலிருந்து ஈசல் கிளம்பிக்கொண்டிருந்தது. பல்லிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. பாம்பு என்று வாயெடுத்தால் அணில் நூறு கேள்வி கேட்கும், அதற்குள் ஈசல் தீர்ந்துவிடும். "பொந்தைத் தாராளமா எடுத்துக்கச் சொன்னாங்க, பிள்ளைகளைத் தூக்கிட்டு வரட்டும்னாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடியது.

அணில் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டுபோய்ப் பொந்துக்குள் விட்டது. மற்றதை எடுக்கத் திரும்பியபோது உள்ளே சீறல் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்த பல்லிக்கு விஷயம் தெரிந்தது. "நான் பொய் சொல்லலையே அக்கா. அவங்க சொன்னதைத்தானே சொன்னேன்" என்றது.

"பொய் சொல்லலை. நடுவுல விட்டுட்டே. விட்டுட்டேன்னு ஒரு சத்தமாவது குடுத்திருக்கக் கூடாதா? என்னன்னு கேட்டிருப்பேனே" என்றது அணில். அதற்கு மேல் அது திட்டவில்லை. திட்டியிருந்தால் பல்லிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதன் பிறகு பல்லி சொல் விடுபட்ட இடத்தில் நாக்கைத் தட்டிக் காட்டியது. ஒருமுறை தட்டினால் இலை விழுந்தது என்றார்கள். இருமுறை தட்டினால் சுள்ளி ஒடிந்தது என்றார்கள். மூன்றுமுறை தட்டியதும் எல்லோரும் திரும்பிப் பார்த்து, என்ன விட்டாய் என்று கேட்டார்கள். அதற்கு மேல் தட்டினால் தொணதொணப்பு என்று எழுந்து போய்விட்டார்கள். ஆகவே மூன்றோடு நிறுத்திக்கொண்டது. நாளாக நாளாக மற்றப் பேச்சு மறந்து அந்தத் தட்டல்தான் மிஞ்சியது. சுவரோரம் உட்கார்ந்து எழுதிய மனிதர்கள் அதைக் கேட்டுப் பழகி, ஒரு தட்டலுக்கு ஒரு புள்ளி வைத்தார்கள். மூன்றோடு நிறுத்தாமல் வரி நெடுகப் புள்ளியாகத் தெளிக்கிறவர்கள் சரியாகக் கேட்கவில்லை போலும்.

அன்று முதல்தான், ஆங்கிலமானாலும் தமிழானாலும், பிறர் சொன்னதில் கொஞ்சத்தை விட்டுவிட்டு எழுதுகிறவர்கள் அந்த இடத்தில் மூன்று புள்ளி வைக்கிறார்கள், இங்கே ஒன்று இருந்தது என்று சொல்ல.