சுரைக்குடுக்கை வழக்கு

மழை பொய்த்துப்போன ஒரு காட்டில் கூரி என்று ஒரு பெண் முள்ளம்பன்றி இருந்தது. கெட்டிக்காரத்தனத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. கோபத்திலும் அப்படித்தான்.

கோடை வந்தால் அந்தக் காட்டில் குளம் குட்டை எல்லாம் வற்றிவிடும். தண்ணீர் வேண்டுமானால் பொட்டல்வெளியைத் தாண்டி ஆற்றுக்குப் போகவேண்டும். ஆற்றிலோ ஒரு முதலை. தாகம் எடுக்கும்போதெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வர முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

கூரிக்கு இரண்டு குட்டிகள். அவற்றை ஆற்றுக்கு அழைத்துப்போக அதற்கு மனம் வரவில்லை. யோசித்து யோசித்து, காய்ந்து கிடந்த ஒரு காட்டுச் சுரைக்காயை எடுத்தது. கழுத்துப் பக்கம் பல்லால் கொறித்துத் துளை போட்டது. விதைகளைக் குலுக்கிக் கொட்டியது. ஆற்றில் அமிழ்த்தி நிரப்பி, இலையைச் சுருட்டி அடைத்து, வாயால் கவ்வி இழுத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தது. வழியில் பாதி சிந்திவிட்டது. மீதிப் பாதி குட்டிகளுக்குப் போதுமானதாக இருந்தது.

காடே வாயைப் பிளந்தது. "எனக்கும் ஒன்று செய்து கொடு கூரி!" என்று மானும் முயலும் வளை வாசலில் வந்து நின்றன. கூரியும் சிலருக்குச் செய்து கொடுத்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது புதிதாக ஒன்றைச் செய்தால் சிங்கராஜாவிடம் கொண்டுபோய்க் காட்டவேண்டும். ராஜா ஈரக் களிமண்ணில் தன் பாதத்தைப் பதித்துக் கொடுக்கும். அதன் பிறகு செய்தவரைக் கேட்காமல் வேறு யாரும் அதைச் செய்யக்கூடாது. கூரியும் முத்திரை வாங்கி வைத்துக்கொண்டது. நியாயம்தானே? மண்டையைக் குடைந்துகொண்டது அதுதானே!

கூரி அதோடு நிற்கவில்லை. காட்டின் நடுவே வறண்டு கிடந்த ஓடையில் ஒரு நாள் மணலை மோந்து பார்த்தது. தோண்டியது. கொஞ்ச ஆழம் போனதும் மணல் ஈரமாக வந்தது.

"ஏங்க, இங்கே ஓடி வாங்க!" என்று கணவன் முள்ளனைக் கூப்பிட்டது. "அடியில் தண்ணீர் இருக்கிறது. இன்னும் தோண்டினால் ஆற்றுப் பக்கமே யாரும் போகவேண்டாம்!"

முள்ளன் மண்ணைத் தொட்டுப் பார்த்தது. "அடேயப்பா! தோண்டு கூரி, நானும் வருகிறேன்."

அந்த நேரம் பார்த்துக் குரங்கு அந்தப் பக்கமாக வந்தது. அதன் கழுத்தில் ஒரு சுரைக்குடுக்கை கயிற்றில் தொங்கியது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"நில்! அது என் குடுக்கை," என்றது கூரி.

"உன்னுடையதா? உன்னுடையதை வாயால் கவ்வி இழுக்கவேண்டும். இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மரமே ஏறலாம். பார், கயிறு!"

"துளை யார் போட்டது?"

"மரத்தில் துளை இல்லையா? மண்ணில் துளை இல்லையா? உலகத்து ஓட்டைக்கெல்லாம் நீதான் சொந்தக்காரியோ?"

"செய்வது திருட்டு, இதில் வாயைப் பார்! ராஜா எனக்கு முத்திரை கொடுத்திருக்கிறார், தெரியுமா?"

"எனக்கும்தான் கொடுத்திருக்கிறார். கயிறு கட்டிய குடுக்கை என்னுடையது."

ஆமாம், சிங்கம் கொடுத்துத்தான் இருந்தது. மத்தியானத் தூக்கத்தில் யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் பாதத்தைப் பதித்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வது அதன் பழக்கம்.

கூரிக்கு வயிறு எரிந்தது. அதற்காகச் சும்மா இருந்ததா? அன்று சாயங்காலமே தன் குடுக்கைக்கும் ஒரு கொடியைக் கட்டிப் பார்த்தது. சுகமாகத்தான் இருந்தது. அதைக் குரங்கு பார்த்துவிட்டது. "திருடி! என் கயிறு!" என்று கிளைக்குக் கிளை தாவிக் கத்தியது.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். காட்டில் நரிக்குக் கொண்டாட்டம். அங்கே சட்டம் தெரிந்தது அது ஒன்றுதான்.

"வழக்குப் போடுங்கள் அம்மா," என்றது நரி. "துளை இல்லாமல் குடுக்கை ஏது? ராஜா கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிடுவார்."

அங்கிருந்து நேரே குரங்கிடம் போனது. "வழக்குப் போடுங்கள் ஐயா. கயிறு இல்லாத குடுக்கையை யார் சீந்துவார்கள்?"

முள்ளனுக்கு இது பிடிக்கவில்லை. "முதலில் குழியை முடித்துவிடலாம் கூரி. வழக்கு எங்கே ஓடிப்போகிறது? தண்ணீர் மட்டும் வந்துவிட்டால் இந்தக் குடுக்கையே வேண்டாமே!"

"என்ன சொன்னீங்க? குடுக்கை வேண்டாமா? என் குடுக்கையா?" கூரியின் முட்கள் எல்லாம் சிலிர்த்து நின்றன. முள்ளன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டது.

வழக்கு தொடங்கியது. சிங்கம் முதல் வேலையாக ஓர் உத்தரவு போட்டது. தீர்ப்பு வரும்வரை யாரும் குடுக்கை செய்யக்கூடாது, தொடக்கூடாது. இருக்கிற குடுக்கைகளை எல்லாம் கொண்டுவந்து குகை வாசலில் குவிக்கவேண்டும். காடு முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்து குவித்தது. கூரியும் தன்னுடையதைக் கொண்டுபோய் வைத்தது.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். முத்திரைச் சுரைக்காய் தண்ணீருக்கும் உதவவில்லை," என்று அலுத்துக்கொண்டது முயல். மறுபடியும் எல்லாரும் பொட்டல்வெளியில் நடந்தார்கள்.

வழக்கோ வாய்தாவுக்கு மேல் வாய்தாவாகப் போனது. காலையில் நரி கூரிக்காகப் பேசும். சாயங்காலம் குரங்குக்காகப் பேசும். இரண்டு வேளையும் அதற்குத் தொண்டை கட்டவே இல்லை. கூரி பொழுது விடிந்தால் குகை வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓடையில் தோண்டிய குழி தோண்டியபடியே கிடந்தது.

ஒரு நாள் குட்டிகளுக்குத் தாகம் தாங்கவில்லை. முள்ளன் அவற்றை அழைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனது. அவை நாக்கை நீட்டித் தண்ணீரைத் தொடுவதற்குள் முதலை பாய்ந்தது. முள்ளன் குறுக்கே விழுந்தது. முதலை அதன் முன்னங்காலைக் கவ்வியது. வாயில் முட்கள் ஏறவும் விட்டுவிட்டது. உயிர் பிழைத்தது பெரிய விஷயம். கால் போனது போனதுதான்.

முள்ளன் நொண்டிக்கொண்டே குகை வாசலுக்கு வந்தது. எவ்வளவு அகலம் இருந்தால் அதைத் துளை என்று சொல்லலாம் என்று நரி விளக்கிக்கொண்டிருந்தது.

"கூரி, வா போகலாம். குட்டிகள் பயந்து நடுங்குகின்றன. இந்தக் காலை வைத்துக்கொண்டு என்னால் இனித் தோண்ட முடியாது. நீ வந்தால்தான் உண்டு."

கூரி காலைப் பார்த்து அழுதேவிட்டது. எழுந்தும் விட்டது.

நரி அதன் காதருகே குனிந்தது. "அம்மா, இப்போது போனால் குரங்கு ஜெயித்ததாக ஆகிவிடும்."

பிள்ளைகளே, அந்த இடத்தில் கூரி திரும்பிப் பார்க்காமல் போயிருக்கவேண்டும். போகவில்லை. உட்கார்ந்துவிட்டது.

"இன்னும் ஒரே ஒரு வாய்தாதாங்க. நீங்க முன்னாலே போங்க, இதோ வந்துவிடுகிறேன்."

முள்ளன் குட்டிகளிடம் திரும்பி நடந்தது.

அந்த ஒரு வாய்தா இன்னும் பல வாய்தாவாக நீண்டது. கடைசியில் சிங்கம் ஒரு நாள் கொட்டாவி விட்டுக்கொண்டே தீர்ப்புச் சொன்னது.

"துளை முள்ளம்பன்றிக்குச் சொந்தம். குரங்கு இனிச் சுரைக்காயில் துளை போடக்கூடாது. கயிறு குரங்குக்குச் சொந்தம். முள்ளம்பன்றி இனிக் குடுக்கையில் கயிறு கட்டக்கூடாது. இரண்டு பேரும் ஜெயித்துவிட்டீர்கள். போய்த் தொலையுங்கள்."

நரி இரண்டு பேருக்கும் வாழ்த்துச் சொன்னது.

குரங்கு தலையைச் சொறிந்தது. "துளை போடாத சுரைக்காயில் கயிறு கட்டி நான் என்ன செய்வது? மாலையாகப் போட்டுக்கொள்வதா?"

கூரி அதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. அதற்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டதே! காட்டுக்குள் ஓடியது. எதிரே மான் வந்தது.

"ஜெயித்துவிட்டேன்! துளை என்னுடையது என்று ராஜாவே சொல்லிவிட்டார். வளைக்கு வா, உனக்கு ஒரு குடுக்கை செய்து தருகிறேன்."

"குடுக்கையா? அது எதற்கு?" என்றது மான்.

"எதற்கா? ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரத்தான்."

"ஆற்றுக்கு இப்போது யார் போகிறார்கள்? தண்ணீர்தான் நம் ஓடையிலேயே இருக்கிறதே!"

கூரி ஓடைக்கு ஓடியது. அங்கே குழி நிறையத் தண்ணீர் கிடந்தது. சுற்றி நின்று காடே குடித்துக்கொண்டிருந்தது. ஓரமாகக் காட்டுப்பன்றி சேற்றில் புரண்டுகொண்டிருந்தது. தன் குட்டிகளும் முள்ளனும் அந்தக் கூட்டத்தில் இருப்பதைக் கூரி பார்த்தது.

"இது என் குழி!" என்று அலறியது.

"உன்னுடையதா?" என்றது காட்டுப்பன்றி. "பாதியில் கிடந்ததே. புரளுவதற்கு எங்கேயும் சேறு கிடைக்கவில்லை. இங்கே ஈர வாசனை அடித்தது. முட்டி முட்டித் தோண்டினேன். நான் கேட்டது சேறு, வந்தது தண்ணீர். என்னத்தைச் சொல்ல!"

"பன்றி ஊற்று தண்ணீர் என்ன இனிப்பு!" என்று சொல்லிக்கொண்டே முயல் கூரியைத் தாண்டிப் போனது.

பன்றி ஊற்று! அதற்குள் பெயரே வைத்துவிட்டார்கள்.

பின்னாலேயே நரி வந்து நின்றது. "முதல் மண்ணை அள்ளியது நீங்கள்தானே அம்மா? வலுவான வழக்கு. தீர்ப்பு வரும்வரை ஊற்றை மூடிவைக்கச் சொல்லி இன்றே ராஜாவிடம் கேட்டுவிடலாம்."

ஒரு குட்டி ஈர மூக்கோடு நிமிர்ந்தது. "மூடிவிடுவாங்களாம்மா?"

கூரி குட்டியைப் பார்த்தது. நரியைப் பார்த்தது. பிறகு உடம்பைக் குலுக்கி, முட்களை விரித்து, நரிக்கு முதுகைக் காட்டியது. முள்ளம்பன்றி முதுகைக் காட்டினால் என்ன நடக்கும் என்று நரிக்குத் தெரியாதா? துள்ளிப் பின்வாங்கியது.

அதற்காக நரி வீட்டுக்குப் போகவில்லை. காட்டுப்பன்றியிடம் போய்க் குனிந்தது. "அண்ணே, இந்த ஊற்றுக்கு முத்திரை வாங்கிவிட்டீர்களா?"

"முத்திரையா? அதைத் தின்னலாமா?"

"தின்ன முடியாது அண்ணே."

"அப்புறம் எனக்கு எதற்கு? தள்ளி நில், சேறு தெறிக்கும்," என்று பன்றி மறுபக்கம் புரண்டது.

கூரி குழியில் இறங்கித் தண்ணீர் குடித்தது. இனிப்பாகத்தான் இருந்தது. அந்த ஊற்றைத் தொடங்கியது கூரிதான் என்று காட்டில் யாரும் சொல்வதில்லை. முள்ளனுக்குத் தெரியும். அது இன்றைக்கும் நொண்டித்தான் நடக்கிறது.

நீதி: செய்து முடித்ததற்கே காவல் இருப்பவர், செய்ய வேண்டியதைக் கோட்டை விடுவார்.