புளித்தண்ணீர் விளக்கு

பத்மாசனி அம்மாளுக்கு வயிறு எரிந்தது. நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்க வந்தவர்கள் எல்லாம் எதிர்வீட்டுக் குத்துவிளக்கையே மெச்சிவிட்டுப் போனார்கள். இவள் விளக்கைத் துலக்க வெளிநாட்டுப் பாட்டில் மருந்து. என்ன பயன்? எதிர்வீட்டில் செங்கமலம் துலக்கியதுதான் தங்கமாக மின்னியது. அதே செங்கமலம்தான் இவள் வீட்டிலும் பாத்திரம் தேய்க்கிறவள்.

பொறுக்குமா? மறுநாள் எதிர்வீட்டு வாசலிலேயே, கிண்ணத்தில் எதையோ கரைத்து வைத்து விளக்குத் துலக்க உட்கார்ந்த செங்கமலத்தை நாலு பேர் பார்க்கப் பிடித்துக்கொண்டாள். கையில் பாட்டில்.

"இதைத் திருடித்தானே இங்கே துலக்குறே? உன் கிண்ணத்துல இருக்கிறது என் மருந்துதான். இல்லைன்னு நிரூபி. இல்லாட்டி இந்தக் குடியிருப்புல ஒரு வீட்டுலயும் உனக்கு வேலை கிடையாது."

"நிரூபிச்சுட்டாப் போச்சு மாமி. இதை நான் ஒரு மடக்கு குடிக்கிறேன். அதை நீங்க ஒரு மடக்கு குடிங்க. ரெண்டும் ஒண்ணுன்னா ரெண்டு பேருக்கும் ஒரே கதிதானே?"

சொன்னவள், அப்போதுதான் கரைத்து வைத்த கிண்ணத்தைத் தூக்கி மடக்கென்று குடித்தாள். "புளியும் உப்பும்தான். இன்னும் ஒரு கல்லு உப்பு போட்டிருக்கலாம்."

எல்லோரும் பத்மாசனியைப் பார்த்தார்கள். பாட்டிலில் மண்டையோடு படம் போட்டிருந்தது. அவள் மூடியைத் திறக்கவில்லை.

"பாட்டில் வாங்குற காசை என் சம்பளத்துல சேர்த்துடுங்க மாமி. புளியை மட்டும் எடுத்து வைங்க, உங்க விளக்கும் மின்னும்."

வாசலே சிரித்தது. பத்மாசனி அம்மாள் விறுவிறுவென்று தன் வீட்டுக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்து கேட்டாள்.

"எதிர்வீட்டுல எவ்வளவு புளி போடுவே?"

"எலுமிச்சங்காய் அளவு."

பத்மாசனி அம்மாள் தேங்காய் அளவு எடுத்து வைத்தாள்.