கூண்டில் நின்ற கம்பளித் தொப்பி

நெட்டூர் ராஜாவுக்கு உக்கிரபூபதி என்று பெயர். உக்கிரமெல்லாம் பெயரோடு சரி. பல்லி கத்தினால் பல்லக்கைத் திருப்பச் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவருடைய போர் முரசு ஒரு நாள் பட்டப்பகலில் கிழிந்துபோயிற்று.

"யார் கிழித்தது?" என்று கேட்டார் ராஜா.

"இதிலென்ன சந்தேகம் மகாராஜா? அந்தப் பாரசீகத்துச் சாணைக்காரன்தான்!" என்றார் தளவாய் சிங்கமுகத்தார்.

சாணைக்காரன் பக்தியார் ஊருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. கத்தி, அரிவாள்மனை தீட்டிப் பிழைக்கிறவன். தலையில் முழ உயரத்துக்கு ஒரு கம்பளித் தொப்பி. முகத்தில் புதர் போலத் தாடி. அதோடு விட்டானா? "பல்லக்குத் தூக்குகிறவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் என்ன?" என்று ஒரு நாள் கேட்டுத் தொலைத்தான். அவ்வளவுதான். ராஜ்யத்தைக் கவிழ்க்க வந்தவன், அவன் சாணைச் சக்கரத்துக்குள் நாற்பதாயிரம் குதிரைப்படை ஒளிந்திருக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. ராஜாவும் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் படுத்தார்.

நெட்டூரில் வழக்கு நீளாது. மூன்று சாட்சிகள் கையை நீட்டி, "இவன்தான்" என்றால் முடிந்தது. கேள்வி கிடையாது, பதில் கிடையாது. நேரே யானைக் காலில் மிதிபட வேண்டியதுதான். சாப்பாட்டு நேரம் தவறக்கூடாதென்று ராஜாவே போட்ட சட்டம் அது.

வழக்குக்கு முதல் நாள், அரசவையில் புத்திக்குப் பேர்போன அம்பலத்தாடி ராஜாவிடம் வந்தான்.

"மகாராஜா, சாட்சியின் முகத்தை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?"

"எங்கே பார்ப்பது? எல்லாரும் குனிந்தே நிற்கிறார்கள். உச்சந்தலைதான் தெரிகிறது."

"கூண்டில் நின்றால் கண்ணே தெரியும்."

"கூண்டிலா? நானா?"

"மாறுவேடத்தில்."

மாறுவேடம் என்றால் ராஜாவுக்குப் பாயசம் மாதிரி. மறுநாள் காலை ஆட்டுமயிர்த் தாடியைக் குங்கிலியப் பசை போட்டு ஒட்டிக்கொண்டார். பக்தியாரின் சட்டை, பக்தியாரின் தொப்பி. கூண்டில் ஏறி ஜம்மென்று நின்றார். பக்தியாருக்குத் தாடியை மழித்து, தலைப்பாகை கட்டி, கையில் சாமரம் கொடுத்துச் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினான் அம்பலத்தாடி. ஒரு ஈ, காக்கைகூட அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மகாராஜாவுக்கு வயிறு சரியில்லையாம். உங்களையே விசாரிக்கச் சொன்னார்" என்றான் தளவாயிடம். தளவாய்க்கு வாயெல்லாம் பல். சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்தார். பக்தியார் அவருக்கு இதமாக விசிறினான்.

முதலில் வெற்றிலைக்காரி வடிவாம்பாள் வந்தாள்.

"இவனேதான் சாமி! மூக்கைப் பாருங்க, திருட்டு மூக்கு! நம்ம பக்கத்துல இப்படி ஒரு மூக்கு உண்டா?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. பரம்பரை மூக்கு அது. அதன் மேல் மட்டும் புலவர்கள் நூறு வெண்பா பாடியிருக்கிறார்கள்.

அடுத்து பல்லக்குத் தூக்கும் சடையாண்டி. பன்னிரண்டு வருஷம் ராஜாவைச் சுமந்த தோள்.

"நடையைப் பார்த்தாலே தெரியுதுங்க, இவன்தான்!"

'நான் எப்போதடா நடந்தேன்?' என்று ராஜா பல்லைக் கடித்தார்.

மூன்றாவதாக அரண்மனை வைத்தியர் சிற்சபேசர். தினமும் காலையில் ராஜாவுக்கு நாடி பார்க்கிறவர். கூண்டுக்குள் கையை விட்டு நாடியைப் பிடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"இது அந்நிய நாடி. நம் சீமைத் தண்ணீர் குடித்த உடம்பு இப்படித் துடிக்கவே துடிக்காது. இவன்தான்!"

"அட மடையா!" என்று கத்திவிட்டார் ராஜா. "நான்தானடா ராஜா!"

சபையே நடுங்கிற்று. தளவாய் துள்ளி எழுந்தார்.

"கேட்டீர்களா? அவன் வாயாலேயே வந்துவிட்டது! சிம்மாசனத்தில்தான் கண்! மகாராஜாவின் குரலைக்கூடத் திருடி வைத்திருக்கிறான்!"

"முரசு கிழிந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன்! ஒரு வார்த்தை விசாரித்துப் பாருங்கள்!"

"மூன்று கை நீட்டியபின் விசாரிக்கச் சட்டமில்லை."

"அந்தச் சட்டத்தை இப்போதே மாற்றுகிறேன்!"

"ஐயையோ, சட்டத்தையும் மாற்றுகிறானாம்! கொண்டுவாருங்கள் யானையை!"

ராஜா தாடியைப் பிடித்து இழுத்தார். பசை விடவில்லை. வாசலில் யானை பிளிறியது. அம்பலத்தாடியைப் பார்த்தார். அவன் உத்தரத்தை எண்ணிக்கொண்டிருந்தான்.

சேவகர்கள் கையைக் கட்டும்போதுதான் அம்பலத்தாடி செருமினான்.

"தளவாயாரே, யானைக்கு முன்னால் எண்ணெய்க் குளியல் உண்டே? சம்பிரதாயத்தை விடலாமா?"

"ஆகட்டும், சீக்கிரம்!"

ஒரு குடம் நல்லெண்ணெயை அப்படியே தலையில் கவிழ்த்தார்கள். தொப்பி சரிந்தது. பசை இளகியது. தாடி மெல்ல வழுக்கி இடது காதில் ஊஞ்சலாடியது. அந்த நூறு வெண்பா மூக்கோடு ராஜாவின் முகம் பளபளவென்று வெளியே வந்தது.

தளவாய் சிம்மாசனத்திலிருந்து இறங்கவில்லை, உருண்டார். சாட்சிகள் மூவரும் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டார்கள்.

ராஜா மூச்சு வாங்கிக்கொண்டு முதலில் சொன்னது இதுதான்: "அந்தச் சாணைக்காரனைக் கூப்பிடு. நான் கேட்கிறேன்."

சாமரத்தைக் கீழே வைத்துவிட்டு பக்தியார் முன்னால் வந்தான். "எனக்கு இத்தனை நேரம் விசிறினவனா?" என்று தளவாய் கிடந்த இடத்திலேயே மயங்கினார்.

"முரசு கிழிந்தபோது எங்கே இருந்தாய்?"

"அரண்மனை மடைப்பள்ளியில், மகாராஜா. கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன். நாலு சமையல்காரர்கள் கூடவே இருந்தார்கள்."

சமையல்காரர்கள் ஓடிவந்து ஆமாம் ஆமாம் என்றார்கள். முரசு அடிப்பவனும் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"பழைய தோலுங்க. நான் அடிச்சப்போ தானாத்தான் கிழிஞ்சுது. அன்னிக்கே சொன்னேன். வெளியூர்க்காரன் கை இல்லாம தோல் எப்படிக் கிழியும்னு தளவாயார் அதட்டிட்டார்."

பக்தியாரை அந்த நிமிஷமே விடுவித்தார் ராஜா. மூன்று கைச் சட்டத்தையும் கிழித்துப் போட்டார். பிறகு எண்ணெய் சொட்டச் சொட்ட அம்பலத்தாடி பக்கம் திரும்பினார்.

"அடப்பாவி! நான் யார் என்று உனக்குத் தெரியுமே! முதல் சாட்சி கை நீட்டியபோதே வாயைத் திறந்திருக்கக் கூடாதா?"

"திறந்திருக்கலாம் மகாராஜா. ஆனால் அந்தக் கைகள் அப்படியே என் பக்கம் திரும்பியிருக்குமே! உங்களுக்குக் கழன்றது ஒட்டுத் தாடி. எனக்குக் கழல்வது தலை. அதைத் திரும்ப ஒட்டுவதற்கு எந்தச் சீமையிலும் பசை கிடையாது!"

ராஜா சிரித்த சிரிப்பில் காதிலிருந்த தாடி தெறித்துப் போய்ச் சிங்கமுகத்தாரின் மொட்டைத் தலையில் உட்கார்ந்தது. அம்பலத்தாடிக்கு முத்துமாலை கிடைத்தது. அதை வாங்கிக்கொள்ளும் முன், கொடுப்பது ராஜாவேதானா என்று முகத்தை அவன் நன்றாக ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.