மோட்சம் அக்காவின் ஒயின் ஆடாமல் போன கதை

கொம்பன்துறைக்காரர்களை முட்டாள்கள் என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வராது. ஊர்க்கூட்டம் போட்டு, சொன்னது சரிதானா என்று பொழுது சாயும்வரை விசாரிப்பார்கள்.

அந்த ஊர்க் கஸ்பாருக்கு ஒரே மகள். அவளுக்குக் கடலுக்கு அந்தப் பக்கத்துக் கரையில் கல்யாணம். பெண்டுகள் எல்லாம் முதல் நாளே கரையைச் சுற்றிப் போகும் பஸ்ஸில் ஏறிப் போயாச்சு. சம்பந்தி கறாரான ஆள். மோட்சம் அக்காவின் செவப்பு ஒயின் வந்து இறங்கினால்தான் தாலி என்று சொல்லிவிட்டார்.

மோட்சம் அக்கா கடற்கரைத் தோட்டத்தில் திராட்சை போட்டு, தானே மிதித்து, கொட்டகையில் புளிக்கவைத்து, வருசத்துக்குச் சில பீப்பாய்தான் இறக்குவாள். உப்புக்காற்றில் பழுத்த பழம். ஒரு வாய் குடித்தவன் மறுவாய்க்குக் காரணம் தேடுவான்.

"அடியில மண்டி கெடக்குண்ணே, ஆடாமக் கொண்டு போங்க" என்றாள் அவள். "வெயில் படக்கூடாது. ஊத்துறதுக்கு முன்ன மூடியத் தொறந்து கொஞ்சம் காத்தாட வைங்க."

கஸ்பார் மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டார். மகள் வாழ்க்கையாச்சே.

பொண்டாட்டியின் தம்பிகள் லியோனும் தொம்மையும் பீப்பாயை வள்ளத்தில் ஏற்றினார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. உடனே பாய்மரத்துப் பாயை அவிழ்த்துப் பீப்பாய்க்குப் போர்த்தினார்கள். பாய் இல்லாவிட்டால் என்ன, துடுப்பு இருக்கிறதே. தொம்மை போர்வைக்குள் புகுந்து, மூடியைத் திறந்து, பனையோலை விசிறியால் பீப்பாய்க்கு வீச ஆரம்பித்தான். வாசம் ஏற ஏற விசிறி மெதுவாகி, குறட்டை வந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அலை தூக்கிப் போட்டது. பீப்பாய் குலுங்கியது. கஸ்பாருக்கு உயிரே போய்விட்டது.

"ஏல லியோனு, வள்ளம் ஆடாம நிக்கணும்னா நாம என்ன செய்வோம்?"

லியோன் யோசித்தான். நெற்றியெல்லாம் வேர்த்தது.

"நங்கூரம் போடுவோம் அத்தான்."

"பொறவு என்ன பாத்துக்கிட்டு இருக்க?"

நங்கூரம் இறங்கியது. ஆட்டம் குறைந்தது. இருவரும் நிம்மதியாகத் துடுப்புப் போட்டார்கள். உச்சி வெயில் வரைக்கும் போட்டார்கள். கை இரண்டும் கழன்றுவிடும்போல ஆனது. எதிர்க்கரை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"நாம இவ்வளவு தூரம் போயும் கரை கிட்ட வரலியே அத்தான். மாப்ள வீட்டுக்காரவ ஊரோட பின்னால போறாவளோ?"

கஸ்பாருக்கு அழுகை முட்டியது. பிடிக்கவில்லை என்றால் வாயால் சொல்லலாமே, இப்படிக் கரையையே நகர்த்துவார்களா என்று கேட்டுவிட்டு, இன்னும் மூச்சைப் பிடித்துத் துடுப்பு வலித்தார்.

அப்போது எதிரே ஒரு வள்ளம் வந்தது. பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளை சிலுவை, தானே துடுப்புப் போட்டு வந்திருந்தான். மாதா கோயிலில் எல்லாரும் காத்திருக்கிறார்களாம். சாமியார் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாராம்.

மாப்பிள்ளை மாமனாரின் வள்ளத்தைச் சுற்றிப் பார்த்தான். தண்ணீருக்குள் இறங்கிய கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"மாமா, நங்கூரத்தப் போட்டுட்டுத் துடுப்புப் போட்டா எப்படி?"

கஸ்பாருக்கு நெஞ்சு திக்கென்றது. இவ்வளவு அறிவாளியோடு என் பிள்ளை எப்படிக் குடித்தனம் நடத்தும்?

"முன்பக்கம் மட்டும் போட்டா பின்பக்கம் ஆடத்தான செய்யும்?" என்றான் சிலுவை. தன் வள்ளத்து நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு மாமனார் வள்ளத்தில் ஏறி, அதன் பின்பக்கம் கட்டிக் கடலில் இறக்கினான். பிறகு மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து துடுப்பை எடுத்தான்.

கஸ்பார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேடினாலும் இப்படி ஒரு மருமகன் கிடைப்பானா?

மூன்று பேரும் சேர்ந்து ஆவேசமாக வலித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கஸ்பார் கையைக் காட்டி அவர்களை அடக்கினார்.

"மெதுவாப் போடுங்கல. இந்த வேகத்துல போனா கரையில மோதிருவோம்."