ஒண்ணும் தெரியாத பொண்ணு எடுத்த பூ

கொன்றையூர் ராஜா குணபூபதி ரொம்ப நியாயஸ்தர். அப்படின்னு அவரே சொல்லுவாரு.

சிக்கலான விஷயம் எது வந்தாலும் அவரு மண்டையை உடைச்சுக்க மாட்டாரு. செகப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். ரெண்டையும் இலையில மடிச்சுக் கட்டி அம்மன் முன்னால வெச்சு, ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒண்ணை எடுக்கச் சொல்லுவாரு. எடுத்தது எதுவோ அதுதான் அம்மன் உத்தரவு. பக்கத்து ஊரோட சண்டையா சமாதானமான்னுகூட அப்படித்தான் முடிவாச்சு. யோசிக்கிற வேலை மிச்சம் பாருங்க.

ஒரு நாள் சபைக்கு ரெண்டு பிள்ளைங்க வந்து நின்னுச்சு. எட்டு வயசு செங்கமலம், அவ தம்பி சாத்தப்பன். அப்பன் ஏகாம்பரம், மந்திரி பேரருளாளரோட கூடப்பொறந்த தம்பி. புருஷன் பொஞ்சாதி பிரிஞ்சப்போ, மாடி வெச்ச மெத்தை வீடு இருக்குதுன்னு பிள்ளைங்களை அப்பன்கிட்ட குடுத்திருந்தாரு ராஜா. ஆப்பம் சுட்டு விக்கிற அம்மா வடிவுக்குக் குடிசைதான். அவ இப்போ தூணுக்குப் பின்னால முந்தானையைக் கசக்கிக்கிட்டு நின்னா.

"எங்களை அம்மாகிட்ட அனுப்பிடுங்க ராஜா," ன்னா செங்கமலம்.

"ஏம்மா, அப்பா அடிக்கிறாரா?"

"இல்ல."

"சோறு போடலையா?"

"வேலைக்காரங்க போடுவாங்க. அப்பா எங்களைப் பாக்கறதே இல்ல. தம்பிக்குப் பல்லு விழுந்துச்சு. அதை யாருகிட்ட காட்டறதுன்னு தெரியாம மடியில முடிஞ்சு வெச்சிருக்கான்."

ராஜா எதிர்ல நின்ன ஏகாம்பரத்தைப் பார்த்தாரு. "எந்தப் பல்லுய்யா?"

ஏகாம்பரம் பையன் வாயை உத்துப் பார்த்தாரு. பையன் வாயை இறுக்கி மூடிக்கிட்டான்.

"எல்லாம் அவ ஆத்தா சொல்லிக் குடுத்த பேச்சு மகாராஜா," ன்னாரு ஏகாம்பரம்.

மந்திரி எழுந்தாரு. அவரு எழுந்தா முதல்ல தொந்தி எழும், அப்புறம் தொண்டை, கடைசியிலதான் ஆளு. "க்கும். இதுக என்ன கண்டுதுக? ஒண்ணும் தெரியாத குழந்தைங்க. இதுக பேச்சைக் கேட்டுத் தீர்ப்பை மாத்தினா, நாளைக்கு ஊர்ப் பிள்ளையெல்லாம் அப்பனை மாத்திக் குடுங்கன்னு வரிசையில நிக்கும்."

ராஜாவுக்கு மனசு கேக்கல. மந்திரி பேச்சைத் தட்டவும் தெம்பு வரல. வழக்கம்போலத் திருமேனி பக்கம் திரும்பினாரு. திருமேனி சபையில வேடிக்கை பேசற ஆளு. யாரு மாதிரி வேணும்னாலும் பேசுவாரு. அவரு மட்டும் தூணுக்குப் பின்னால நிக்கிறவளையே பார்த்துக்கிட்டு இருந்தாரு.

"நீ என்னய்யா சொல்ற?"

திருமேனி வயித்தைத் தள்ளிக்கிட்டு எழுந்தாரு. "க்கும். மந்திரியார் சொல்றது நூத்துக்கு நூறு. ஒண்ணும் தெரியாத குழந்தைங்க." அப்படியே மந்திரி குரல். சபை வாயைப் பொத்திக்கிச்சு. "அதனால இதுக பேச்சே வேணாம் மகாராஜா. பூ கட்டிக் கேட்டுருவோம். அம்மனே சொல்லட்டும்."

"சபாஷ்," ன்னாரு ராஜா. மந்திரியும் தலையை ஆட்டினாரு. அம்மனை வேணாம்னா சொல்ல முடியும்?

பொட்டலம் ரெண்டும் வந்துச்சு. திருமேனி வெள்ளையை வடிவு கையில குடுத்தாரு, செகப்பை ஏகாம்பரம் கையில குடுத்தாரு. ரெண்டு பேரையும் அம்மன் சந்நிதி முன்னால நிக்க வெச்சாரு. "வழக்காளி யாரு எவருன்னு அம்மனுக்குத் தெரிய வேணாமா?"

"அது சரி, எடுக்கறது யாரு?" ன்னு கேட்டாரு ராஜா.

"பூ எடுக்க ஒண்ணும் தெரியாத குழந்தைதானே வேணும் மகாராஜா? அது எதுன்னு மந்திரியாரே இப்பதான் காட்டிக் குடுத்தாரு. செங்கமலம், போய் எடும்மா."

மந்திரி வாயைத் திறக்கறதுக்குள்ள செங்கமலம் ஓடியே போயிட்டா. பொட்டலத்தோட சேர்த்து அம்மா கையையும் பிடிச்சுக்கிட்டா. தம்பி அம்மா இடுப்பைக் கட்டிக்கிட்டான்.

"செல்லாது," ன்னு குதிச்சாரு மந்திரி. "அம்மன் எங்க எடுத்தா? இந்தக் கழுதைதான் வேணும்னே எடுத்துச்சு. இது வெறும் குழந்தை கை."

"அப்படிங்களா?" ன்னு மோவாயைத் தடவினாரு திருமேனி. "போன தை மாசம் மந்திரி பதவி உங்களுக்கா, பெரியவர் சிதம்பரநாதருக்கான்னு பூ கட்டிப் பார்த்தோமே. அன்னிக்கு உங்க பொட்டலத்தை எடுத்ததும் இதே பொண்ணு, இதே கை. அன்னிக்கு எடுத்தது குழந்தை கையா, அம்மன் கையா? சொல்லுங்க. குழந்தை கைன்னா சிதம்பரநாதரை இப்பவே கூட்டிக்கிட்டு வரேன். வீடு பக்கத்துலதான்."

ராஜா சிரிச்ச சிரிப்புல கிரீடம் காது வரைக்கும் இறங்கிடுச்சு. கழுத்துல கிடந்த முத்துமாலையைக் கழட்டித் திருமேனி பக்கம் வீசினாரு.

மந்திரி மெதுவா உக்காந்தாரு. ரெண்டு கையாலயும் தலைப்பாகையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு.

"அம்மன் கைதாங்க," ன்னாரு. "ரெண்டு தடவையும்."